சாராயமும் ஈரலும்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆஸ்பத்திரி லேபில் இருந்து ஓய்வுபெற்றவன் நான், டொக்டர் இல்லை. மருந்து எழுதித்தரச் சொல்லாதீர்கள். மற்றதெல்லாம் கேட்கலாம்.

கொட்டகலை தம்பி: அண்ணே, அப்பா காமாலையோடு வார்டில் இருக்கிறார். அவருடைய எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது என்கிறார் டொக்டர். குடித்தது சாராயம், இதில் எதிர்ப்புச் சக்தி எங்கே வந்தது?

இதற்குத்தான் உட்கார்ந்தேன் தம்பி. சாராயம் ஈரலில் உடையும்போது அசற்றல்டிகைட்டு என்ற நச்சு உண்டாகி கலங்களை நேராகவே கெடுக்கும், அது பாதிக் கதைதான். மீதி குடலில் இருக்கிறது. அங்கே கோடிக்கணக்கான பற்றீரியா உண்டு. குடல் சுவர் அவற்றை வெளியே விடாமல் வைத்திருக்கும், ஆனால் தினமும் குடிப்பவருக்கு அந்தச் சுவரின் கலங்களுக்கு இடையிலுள்ள இறுக்கம் தளர்ந்துவிடும். அப்போது பற்றீரியாவின் மேலுறையிலுள்ள எண்டோடொக்சின் என்ற நச்சு கசிந்து, குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் ஏறிவிடுகிறது. ஈரலில் கப்ஃபர் கலங்கள் என்ற காவல் கலங்கள் இருக்கின்றன. ஸ்டோருக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று வாச்சர் இரவு முழுக்கக் கத்துவது போல இவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் என்ற இரசாயனங்களை விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டு நியூட்ரோஃபில் என்ற வெண்குழியங்கள் கூட்டமாக வந்து, கிருமியை அழிக்க வைத்திருக்கும் ஆயுதத்தை நம் ஈரல் கலத்தின் மேலேயே பாவிக்கும். இது வருடக்கணக்கில் நடந்தால் ஸ்டெலேட் கலங்கள் நார் நாராகத் தழும்பு போட ஆரம்பிக்கும். சிரோசிஸ் என்பது அந்தத் தழும்புதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஈரலுக்குள் இவ்வளவு சண்டை போடும் அதே உடம்பு, உண்மையான கிருமி வந்தால் சோர்ந்துவிடும். அப்பாவுக்கு வயிற்றில் நீர் இருந்து காய்ச்சலும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், பனடோலை அள்ளிப் போடவும் வேண்டாம்.

நானுஓயா அக்கா: அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிட்டால் சரியாகிவிடாதா?

செய்து பார்த்திருக்கிறார்கள் அக்கா. கடுமையான நிலையில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை 40 மில்லிகிராம், 28 நாள் வரை கொடுப்பார்கள். 7ஆம் நாள் இரத்தத்தில் பிலிரூபினை, அதாவது காமாலையின் மஞ்சள் நிறப் பொருளைப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். 2015இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் 1,100 பேருக்கு மேல் இருந்தார்கள். மாத முடிவில் கொஞ்சம் நன்மை தெரிந்தாலும் உறுதியாகச் சொல்லுமளவுக்கு இல்லை, கிருமித்தொற்றோ கூடியது. டி.என்.எஃப்.ஐ நேராக அடக்கும் ஊசிகளைப் போட்டபோதும் தொற்றுதான் கூடியது, அதைக் கைவிட்டார்கள்.

வட்டவளை தம்பி: எதிர்ப்புச் சக்தி கூட்டும் பவுடர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம், எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறது என்று மேலே எழுதியதை வாசியுங்கள்.

தலவாக்கலை: கீழாநெல்லி?

சில காமாலை தானாகவே மாறும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். குடியால் வந்த காமாலைக்கு அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

மஸ்கெலியா அண்ணன்: எல்லாம் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் செய்கிற வேலை. சீல் வைத்த சாராயம் ஈரலை ஒன்றும் செய்யாது.

இதைச் சொல்ல ஒருவர் வருவார் என்று தெரியும். கசிப்பில் மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும், அது வேறு கணக்கு. ஈரலுக்கு சீல் தெரியாது. கால் போத்தலை 180 மில்லிலீற்றர் என்று வையுங்கள். 33 வீதம் என்றால் ஏறக்குறைய 47 கிராம் தனி அல்ககோல். நாளுக்கு 30 கிராமைத் தாண்டி வருடக்கணக்கில் போனாலே ஆபத்து ஏறும்.

மஸ்கெலியா அண்ணன்: எங்கள் தாத்தா தினமும் குடித்து எண்பது வரை இருந்தார்.

இருந்திருப்பார். அதிகமாகக் குடிப்பவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஈரலில் கொழுப்பு சேரும், ஆனால் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்குத்தான் சிரோசிஸ் வரும். பரம்பரை, உடல் பருமன், ஹெபடைற்றிஸ் பி, சி எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கும். பெண்களுக்குக் குறைந்த அளவிலேயே வரும். தாத்தா எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்லும் டெஸ்ட் எங்கள் லேபில் இருந்ததில்லை.

மஸ்கெலியா அண்ணன்: மழையில் தேயிலைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வருபவனுக்கு குளிருக்கு என்ன கொடுப்பீர்கள்?

இஞ்சித் தேத்தண்ணி. சாராயம் தோலுக்கு இரத்தத்தை இழுத்து உள்சூட்டை வெளியே விடும், சூடு ஏறுவது போல இருப்பது அதனால்தான். அண்ணே, இதற்கு மேல் உங்களோடு வாதாடினால் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஹட்டன்: எஸ்.ஜி.ஓ.டி. 160, எஸ்.ஜி.பி.டி. 70. குடி காரணமா?

இரண்டும் ஈரல் கலம் கெட்டால் இரத்தத்தில் கூடும் நொதியங்கள். முதலாவது இரண்டாவதைப் போல இருமடங்கைத் தாண்டினால் குடியைச் சந்தேகிப்பார்கள், முடிவு ஸ்கேனும் டொக்டரும் சொல்வது. குடியில் இவை 400ஐத் தாண்டுவது அரிது. ஆயிரக்கணக்கில் இருந்தால் வேறு காரணம் தேடவேண்டும், வைரஸ் அல்லது அளவு மீறிய பனடோல். மறுபடியும் பனடோலா என்று கேட்காதீர்கள், தினமும் குடிப்பவர் நாளுக்கு நான்கு குளிசையைத் தாண்டக்கூடாது, அதையும் டொக்டரிடம் கேட்டுத்தான்.

பொகவந்தலாவை: ஐயா, எஸ்.ஜி.ஓ.டி. 95...

நோர்வூட்: என்னுடைய ரிப்போட்டையும் பாருங்கள்...

இருவருக்கும் ஹட்டனுக்குச் சொன்னதே. ரிப்போட்டோடு கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

டிக்கோயா தங்கச்சி: கணவர் நாளையிலிருந்து விடுகிறேன் என்கிறார். ஈரல் திரும்புமா?

கொழுப்பு மட்டும் என்றால் சில வாரங்களிலேயே இறங்கும். தழும்பு விழுந்திருந்தால் முழுதும் போகாது, ஆனாலும் குடியை விட்டவருக்கும் விடாதவருக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம். ஆனால் தினமும் அதிகம் குடித்தவர் என்றால் நாளைக்கே ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள் தங்கச்சி. கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சித்தப்பிரமை எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்து. முதலில் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், அங்கே விற்றமின் பி1உம் நடுக்கத்துக்கு மருந்தும் கொடுத்து நிறுத்துவார்கள்.