பாதி வேலையில் நின்றுபோகும் மடிக்கணினி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். 2015-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்டெல் செலரான் என்2840 ப்ராசஸர், 4 ஜிபி ரேம். எங்கள் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ்தான். வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடுகிறது. அந்த நம்பிக்கையில் விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 22.04 என்ற லினக்ஸைப் போட்டேன். அன்று பிடித்தது தொல்லை. வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு நகராது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கடைசித் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப இரைகிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. சில நாள் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் நிற்கும், சில நாள் மாலை வரை ஒன்றும் ஆகாது. ஆண்டுவிழா வீடியோவைச் சிறிய கோப்பாக மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டேன். அப்போது மட்டும் நிற்கவில்லை. விண்டோஸில் இப்படி நின்றதே இல்லை. கடையில் காட்டியபோது சூடு என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தார்கள். மறுபடி நின்றதும், மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம் ஐயா. வீடியோ மாற்றியபோது நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பழுது பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ‘எப்போது நிற்கிறது’ என்பதைத்தான். பலர் ‘எப்போதும்’ என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்கள்.

வீடியோவை மாற்றும் வேலை ப்ராசஸரின் இரண்டு கோர்களையும் முழு மூச்சில் ஓடவைக்கும். மடிக்கணினி மிக அதிகமாகச் சூடாவது அப்போதுதான். சூடுதான் காரணம் என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். மதர்போர்டில் மின்சாரம் சரியாக வராத பழுதும் பெரும்பாலும் முழுச் சுமையில்தான் தலைகாட்டும். உங்களுடையது நேர்மாறாக நடக்கிறது. நாலு வார்த்தை அடித்துவிட்டு அடுத்த கேள்வியை யோசிக்கிறீர்கள். ப்ராசஸருக்கு வேலை வருவதும் போவதுமாக இருக்கிறது. அந்த இடைவெளியில் நின்றுபோகிறது.

என்2840, இன்டெல் ‘பே டிரெயில்’ என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. செலரான் என்2830, பென்டியம் என்3540, சிறிய கணினிகளில் வந்த ஆட்டம் இசட்3735எஃப் எல்லாம் இதே குடும்பம்தான். வேலை இல்லாத நொடித்துகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ப்ராசஸர் தன்னைத்தானே உறங்கவைத்துக்கொள்ளும். அந்த உறக்கத்தில் படிநிலைகள் உண்டு. அவற்றை சி-ஸ்டேட் என்பார்கள். சி1 என்பது கண் அயர்வது. சி6 என்பது ஆழ்ந்த தூக்கம். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை இறங்கி ஏறும். இந்தக் குடும்பத்து ப்ராசஸர்கள் லினக்ஸில் ஆழத்துக்குப் போய்விட்டுத் திரும்பி எழாமலே கிடந்துவிடுவது உண்டு. 2015-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழுப் பட்டியலில் 109051 என்ற எண்ணில் இது பதிவானது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து ‘எனக்கும் இப்படித்தான்’ என்று எழுதினார்கள். பிறகு வந்த கெர்னல்களில் தொல்லை பெரிதும் குறைந்தாலும், சில மாடல்களை இன்னும் விடவில்லை.

பள்ளியில் ஓடுகிறதே, வீட்டில் ஏன் ஓடவில்லை என்ற குழப்பத்துக்கும் விடை இதுதான். கேரளப் பள்ளிகளுக்கு கைட் நிறுவனம் தரும் லினக்ஸும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டதுதான். வேறு ப்ராசஸர் உள்ள கணினியில் அதே லினக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உங்கள் மடிக்கணினியும் பழுதில்லை, லினக்ஸும் பழுதில்லை. இந்த இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது.

கடைக்காரர் சூட்டைச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. பொள்ளாச்சியில் என் மேசைக்கு கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் மடிக்கணினிகளில் பாதிக்கு அந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து புழுதியை வாரிக்கொண்டு வருகிறது. அதோடு கயிற்று ஆலைகளின் நார்த்தூசு. அடிமூடியைக் கழற்றி விசிறியைத் தூக்கினால், விசிறிக்கும் செப்புக் குழாய் முனையில் இருக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருக்கும். இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுதாகக் கையோடு வரும். விசிறி சுழலும், காற்று மட்டும் வெளியே வராது. அந்தக் கணினிகள் உங்களுடையது போல நிற்பதில்லை. முதலில் விசிறி இரையும், பிறகு வேகம் குறையும், கடைசியில் படக்கென்று மொத்தமாக அணைந்துபோகும். திரை அப்படியே உறைந்து நிற்பது வேறு, அணைந்துபோவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பாராமல் மதர்போர்டு என்று சொல்லிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி அந்த ஒரு வார்த்தையில் போய்விடுகிறது.

இனி செய்ய வேண்டியது. அடுத்த முறை நிற்கும்போது உடனே பவர் பொத்தானுக்குப் போகாமல் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, திரையை நடத்தும் பகுதி மட்டும் சிக்கிக்கொண்டது என்று பொருள். தானாகவே விட்டு விட்டு மின்னினால் கெர்னலே ஒரு பிழையில் விழுந்து தன்னை நிறுத்திக்கொண்டது. எத்தனை தட்டினாலும் விளக்கு அசையாமல் இருந்தால் ப்ராசஸர் பதில் தரவில்லை. உங்களுக்கு இந்த மூன்றாவதுதான் இருக்கும் என்று எண்ணுகிறேன். பாட்டின் கடைசித் துண்டு சுற்றிச் சுற்றி ஒலிப்பதும் அதையே சொல்கிறது. ஒலிச் சிப்பு தன் கையில் இருந்ததையே திரும்பப் பாடுகிறது, புதிதாகக் கொடுக்க ஆளில்லை.

பிறகு மருந்தை ஒரு முறைக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். சில மாடல்களில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். உபுண்டு என்ற வரியில் நின்றுகொண்டு ஆங்கில ‘ஈ’ எழுத்தை அழுத்துங்கள். வருகிற எழுத்துக் குவியலில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரி ஒன்று இருக்கும். அதன் கடைசிக்குப் போய் ஒரு இடைவெளி விட்டு இதை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்: இன்டெல், அடிக்கோடு, ஐடில், புள்ளி, மேக்ஸ், அடிக்கோடு, சிஸ்டேட், சமக்குறி, 1. நடுவில் எங்கும் இடைவெளி கூடாது. ‘சி’ எழுத்தும் ‘ஸ்டேட்’ என்பதும் ஒட்டியே வர வேண்டும். எஃப்10 அழுத்தினால் கணினி தொடங்கும். சி1-க்குக் கீழே இறங்காதே என்று ப்ராசஸருக்குச் சொல்லியாகிவிட்டது. அணைத்துப் போட்டால் இந்தச் சொல் மறந்துபோகும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

அன்று நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யுங்கள். சோதனைக்காகப் பெரிய வேலை எதையும் கொடுக்க வேண்டாம். அதில்தான் இது நிற்பதில்லையே. தட்டச்சு செய்யுங்கள், யோசியுங்கள், டீ குடிக்கப் போய்விட்டு வாருங்கள். லிப்ரெ ஆபிஸில் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடமாக இருக்கும், அதை 2 நிமிடமாக்கிவிட்டு உட்காருங்கள். சில நாள் இப்படியே தொடங்கிப் பார்த்து நிற்காமல் ஓடினால் நிரந்தரமாக்கலாம். ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘கிரப்’ என்ற கோப்பு. அதில் ‘க்வயட் ஸ்பிளாஷ்’ என்று மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரியில், அந்தக் குறி முடிவதற்கு முன் இதே சொற்றொடரைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-கிரப்’ கட்டளையைக் கொடுங்கள். விலை ஒன்று உண்டு: பேட்டரி முன்பைவிடச் சீக்கிரம் தீரும், கணினி கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். வினாத்தாள் பாதியில் போகாமல் இருப்பதற்கு அது பெரிய விலை அல்ல.

அதன் பிறகும் நின்றால்தான் ரேமைச் சந்தேகப்பட வேண்டும். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலின் 6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள், உபுண்டு 22.04 களஞ்சியத்தில் உள்ள பழைய பதிப்பு, யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்கும் கணினியில் ஓடாது. காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் ரேம் கெட்டது என்றே கொள்ளுங்கள். மாற்றும்போது டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் குடும்பத்துக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் அந்த வகைதான் வேண்டும், 1.5 வோல்ட் டிடிஆர்3 பொருந்தும்போது பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், வேலை செய்யாது.

கேள்வி: தேவிகுளத்தில் கல்லூரி மாணவன். அண்ணன் கொடுத்த 2011 மடிக்கணினி, இரண்டாம் தலைமுறை ஐ3, 2 ஜிபி ரேம், லினக்ஸ் மின்ட். பிரவுசரில் ஏழெட்டுத் தாவல்கள் திறந்தால் ஹேங் ஆகிவிடுகிறது. அம்பு இழுத்து இழுத்து நகரும். ஹார்டுடிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். விட்டுவிட்டால் சில நேரம் தானாகவே சரியாகிறது. நீங்கள் முன்பு பே டிரெயில் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களாம், எனக்கும் அதுவா?

பதில்: இல்லை தம்பி. தானாகச் சரியாகிறது என்றால் அது உறைவே அல்ல. ரேம் நிரம்பிவிட்டது, நிரம்பிய மிச்சத்தை லினக்ஸ் ஹார்டுடிஸ்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாகத் தவிக்கிறது. ரேமோடு ஒப்பிட்டால் சுழலும் வட்டு ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவானது. அதைத்தான் அந்த விளக்கு சொல்கிறது.

பெரும்பாலான ஐ3 மடிக்கணினிகளில் அடிமூடிக்குள் ரேமுக்கு இரண்டு இடம் இருக்கும், ஒன்று காலியாகக் கிடக்கும். பழைய டிடிஆர்3 ரேம் 4 ஜிபி வாங்கிப் போடுங்கள். கையில் மிச்சம் இருந்தால் அடுத்து, சுழலும் வட்டுக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டி. வாங்கும் வரை ‘இசட்ரேம்’ வசதியை நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்வாப்பை வட்டுக்கு அனுப்பாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். ‘எர்லிஊம்’ என்ற சிறு நிரல் நினைவகம் தீரும் தறுவாயில் அதிகம் தின்னும் நிரலை மட்டும் மூடிவிடும். ஒரு தாவல் போகும், நீங்கள் எழுதிய கட்டுரை நிற்கும்.

ஆனால் ஒன்றைச் சரிபார்க்காமல் பணம் போடாதீர்கள். வட்டு கெட்டுக்கொண்டிருந்தாலும் விளக்கு இப்படித்தான் அணையாமல் எரியும். மின்டில் ‘டிஸ்க்ஸ்’ நிரலைத் திறந்து, வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் 5, 197 என்ற எண்ணிட்ட வரிகளின் மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-இல் எண் ஏறியிருந்தால் வட்டில் படிக்க முடியாத இடங்கள் இருக்கின்றன. அன்றே படிப்புக் கோப்புகளைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, ரேமுக்கு முன்பாக எஸ்எஸ்டியை வாங்குங்கள். தவிக்கும் நேரத்தில் பவர் பொத்தானை அழுத்தாமல், ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்தபடி எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாகச் சில விநாடி இடைவிட்டுத் தட்டுங்கள். சில விசைப்பலகைகளில் எஃப்என் விசையும் சேர வேண்டும். எழுத வேண்டியதை வட்டில் எழுதி, வட்டில் மேற்கொண்டு எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, பிறகு மறுதொடக்கம் செய்யும். கெர்னல் உயிரோடு இருக்கும் எந்த உறைவுக்கும் இது நல்லது.

கேள்வி: புளியரையில் மளிகைக் கடை. 2009-இல் வாங்கிய நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம். கணக்கு எழுத மட்டும். புதிய லினக்ஸ் பென்டிரைவைப் போட்டால் எக்ஸ்86-64 ப்ராசஸர் வேண்டும் என்று ஒரு வரி காட்டி அங்கேயே நின்றுவிடுகிறது.

பதில்: என்270 வெறும் 32-பிட் ப்ராசஸர் அண்ணாச்சி; 64-பிட் லினக்ஸ் அதில் ஏறவே ஏறாது, பென்டிரைவில் குறையில்லை. 2025-இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32-பிட் கணினிகளுக்கு நிறுவி இல்லை. டெபியன் 12-இன் ஐ386 என்ற 32-பிட் பதிப்பை, எல்எக்ஸ்டிஇ என்ற எடை குறைந்த திரைச் சூழலோடு போடுங்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும். 1 ஜிபியில் விரிதாள் கணக்கு எழுதலாம். பிரவுசரைத் திறக்காதீர்கள், வங்கி வேலையைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கணக்குக் கோப்பின் நகல் ஒன்று வாரா வாரம் பென்டிரைவில் இருக்கட்டும்; 2009-ஆம் ஆண்டின் வட்டு இன்னும் எத்தனை நாள் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது.