டிரையர் எலிமென்ட் ஒரே வருடத்தில் இரண்டாம் முறை போய்விட்டது, நாமே மாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறோம். வீட்டில் எலெக்ட்ரிக் டிரையர். டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை. போன வருடம்தான் ஹீட்டிங் எலிமென்ட் மாற்றினோம், மறுபடியும் அதுதான் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நாமே மாற்ற முடியுமா? ஏன் இப்படி அடிக்கடி போகிறது?

பதில்:

மாற்றலாம். நட் டிரைவரும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மதிய நேரத்து வேலை. ஆனால் ஒரு வருடத்துக்குள் இரண்டாவது போயிருக்கிறது என்றால், மூன்றாவதை வாங்கி மாட்டுவதற்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். டிரையரில் எலிமென்ட்டின் கம்பி தானாகச் சாவது குறைவு. அதைத் தாங்கும் பீங்கான், அதன்மேல் ஓட வேண்டிய காற்று, முனையில் செருகிய ஒயர், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் அதைக் கொல்கிறது. நான் நண்பர்கள் வீட்டு டிரையர்களைத் திறந்து பார்த்த வரையில் இதுதான் என் அனுபவம்.

பார்ட் ஆர்டர் போடுவதற்கு முன் பிரேக்கர்கள் இருக்கும் பேனல் பெட்டிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அமெரிக்க டிரையருக்கு வரும் 240 வோல்ட் என்பது இரண்டு 120 வோல்ட் லெக் (கரண்ட் வரும் ஒயர்) சேர்ந்தது. மோட்டார் ஒரு லெக்கும் நியூட்ரலும் இருந்தால் ஓடிவிடும். ஹீட்டருக்கு இரண்டு லெக்கும் வேண்டும். அதனால் பிரேக்கரில் மோட்டாருக்குத் தேவைப்படாத பக்கம் மட்டும் செத்திருந்தால் டிரம் ஜோராகச் சுற்றும், துணி ஈரமாகவே இருக்கும். 30 ஆம்பியர் இரட்டை பிரேக்கரை முழுக்க ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பாருங்கள். இதிலேயே முடிந்துபோகும் கேஸ்கள் உண்டு. அதற்கும் எலிமென்ட் மாற்றிவிட்டுப் பணம் வாங்கிப் போகிறவர்களும் உண்டு!

சரி, எலிமென்ட்தான் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பிச் சுருள், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். சூடானால் மேலே குரோமியம் ஆக்சைடு படலம் படிந்து, அதற்கு மேல் துருவேறாமல் அதுவே கவசமாகிவிடும். வழக்கமான வீட்டு டிரையரில் 5400 வாட் அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் 22.5 ஆம்பியர், சுமார் 10.7 ஓம். நம் ஊர் ஹாஸ்டல்களில் திருட்டுத்தனமாக வைத்திருந்த காயில் அடுப்பு நினைவிருக்கிறதா, அதே ஜாதிதான். ஒரு வித்தியாசம்: அடுப்பில் காயில் பீங்கான் பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். டிரையரில் அது காற்றில் தொங்க வேண்டும். சுற்றிலும் காற்று பட்டால்தான் அத்தனை வாட்டும் சூடாகக் காற்றில் இறங்கும்.

தொங்கவிடுவதில்தான் சிக்கலே. சுற்றிலும் எர்த் செய்த தகரப் பெட்டி. சுருள் அதைத் தொடவே கூடாது. ஆனால் நிக்ரோம் சூடானால் நீளும். 700 டிகிரி செல்சியஸ் ஏறினால் மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். இறுக்கிக் கட்டினால் கம்பி நெளியும், தளர விட்டால் தொய்யும். அதனால் தகரச் சட்டத்தில் வரிசையாகத் துளை வெட்டி, ஒவ்வொன்றிலும் சின்ன வெள்ளைப் பீங்கான் துண்டைச் செருகியிருப்பார்கள். பீங்கானின் காடியில் சுருளின் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ மட்டும் உட்காரும். பிடிமானம் இருக்கும், ஆனால் நீளும்போதும் சுருங்கும்போதும் கம்பி கொஞ்சம் நகர இடமும் இருக்கும். பீங்கான் பெரிதாக இருந்தால் காற்றை மறைக்கும், அந்த இடத்தில் கம்பி அதிகமாகக் காயும். அதனால்தான் அவ்வளவு சிறிதாகச் செய்கிறார்கள். சிறிதாக இருப்பதால்தான் உடைகிறது.

ஒரு பீங்கான் உடைந்தால் என்ன நடக்கும்? இரண்டு தாங்கிகளுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் இரு மடங்காகிறது. பழுக்கக் காய்ந்த கம்பிக்கு பலம் குறைவு, நடுவில் தொய்கிறது. தொய்ந்த இடத்தில் சுற்றுகள் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விலகும். நெருங்கிய இடம் இன்னும் அதிகமாகக் காய்ந்து ஒருநாள் அறுந்துவிடும். அறுந்தால் பரவாயில்லை, சூடு வராது, அவ்வளவுதான். அறுபடாமல் தகரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்பதுதான் ஆபத்து. அப்போது ஒரு லெக்கிலிருந்து காயிலின் ஒரு பகுதி வழியாகக் கரண்ட் நேராக எர்த்துக்கு இறங்கும். தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) துண்டிப்பது ஒரு லெக்கை மட்டும். மற்ற லெக்கிலிருந்து வருவதை அதனால் தடுக்க முடியாது. தொட்ட இடம் முனைக்குப் பக்கத்தில் என்றால் பிரேக்கர் விழுந்துவிடும். நடுவில் என்றால் விழாது, டிரம் சுற்றும் வரை சூடு போய்க்கொண்டே இருக்கும். சூடில்லாத 'ஏர் ஃப்ளஃப்' வைத்தும் துணி சுடச்சுட வருகிறதா? உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஒரு நண்பர் வீட்டில் இப்படி ஒரு பெட்டியை வெளியே எடுத்து வைத்திருந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த அவருடைய அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். "தம்பி, அந்த ரெண்டு முனையையும் சேத்து முறுக்கி விட்டுட்டா ஓடுமே, எதுக்குப் புதுசு?" என்றார். "ஓடும்ப்பா, ஆனா முறுக்குன எடம் மறுபடி காயும். நீளம் குறைஞ்சா கரண்டும் கூட இழுக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர், "காயிலை விடுங்க, இந்தப் பீங்கான் மொதல்லயே ரெண்டா ஒடஞ்சு கெடக்கே. தகரத்துல கருப்பா ஒரு பொட்டு இருக்கு பாருங்க, இங்கதான் பொறி அடிச்சிருக்கு" என்றார். உண்மையில் அந்தப் பொட்டைத்தான் நீங்களும் தேட வேண்டும். பெட்டியின் உள்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். உருகி மினுங்கும் புள்ளி எங்கே இருக்கிறதோ, அங்கே சுருள் தொட்டிருக்கிறது.

அடுத்தது காற்று. டிரையரில் பிளோயர் காற்றைத் தள்ளுவதில்லை, இழுக்கிறது. அறையிலிருந்து வரும் காற்று முதலில் ஹீட்டர் பெட்டி வழியாகப் போய், சூடாகி, டிரம்முக்குள் துணியைக் கடந்து, லின்ட் ஃபில்டரை (பஞ்சு வடிகட்டியை) தாண்டி, பிளோயர் வழியாக வெளியே போகும். ஹீட்டர் பாதையின் ஆரம்பத்தில் இருப்பதால் துணியின் பஞ்சு நேராக அதன்மேல் படக்கூடாது. ஆனால் டிரம்மைச் சுற்றியிருக்கும் கம்பளிப் பட்டை தேய்ந்துவிட்டால் பஞ்சு கேபினெட்டுக்குள் கசியும். ஹீட்டர் அதே கேபினெட் காற்றைத்தான் இழுக்கிறது. கருகிய பஞ்சு வாசனை வந்தால் அர்த்தம் இதுதான்.

வெளியே போகும் குழாய் அடைத்திருந்தால் ஹீட்டர் மேல் காற்று குறையும். காற்று நன்றாக ஓடும்போது மங்கலாகச் சிவந்திருக்கும் கம்பி, காற்றில்லாதபோது பளீரென்று ஜொலிக்கும். பெட்டியில் இருக்கும் ஹை-லிமிட் தெர்மோஸ்டாட் (பல மாடல்களில் 250 பாரன்ஹீட்டுக்கு அருகில்) துண்டிக்கும், ஆறியதும் சேர்க்கும், மறுபடி துண்டிக்கும். ஒவ்வொரு முறையும் கம்பி நீண்டு சுருங்கும், பீங்கானை உரசும். ஒரு வருடத்தில் எலிமென்ட் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளில் 4 அங்குலக் குழாய்க்கு 35 அடிதான் பொதுவான உச்ச நீளம், ஒவ்வொரு வளைவுக்கும் அதில் கழியும். வெள்ளை பிளாஸ்டிக் சுருள் குழாய் மாட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வெளிச்சுவரில் இருக்கும் மூடி துணி காயும்போது திறந்து ஆடுகிறதா என்றும் ஒருமுறை போய்ப் பாருங்கள். குருவி கூடு கட்டியிருப்பதும் உண்டு.

பஞ்சும் ஹீட்டரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் பட்ட பாடு போதும். 2004 முதல் 2015 வரை தயாரான ஹாட்பாயிண்ட், இன்டெசிட் முதலிய பிராண்டு டிரையர்களில் பஞ்சு ஹீட்டர் மேல் விழுந்து தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக 2015-ல் எச்சரிக்கை வந்தது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அடுக்குமாடியில் பெரிய தீ விபத்து. 2019-ல் சரிசெய்யப்படாத மெஷின்களை ரீகால் செய்தார்கள். அமெரிக்காவிலும் தீயணைப்பு நிர்வாகத்தின் 2012 அறிக்கை 2008-2010 காலத்தில் வருடத்துக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் என்கிறது. முதல் காரணமாகச் சொன்னது சுத்தம் செய்யாததை.

இனி மாற்றும் வேலை. பிளக்கைப் பிடுங்குங்கள், பட்டனை ஆஃப் செய்வது போதாது. மெஷினை இழுத்து, ஒயர்களைக் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ல்பூல் வகைப் பல மாடல்களில் பின் தகட்டைக் கழற்றினாலே நீளமான ஹீட்டர் பெட்டி தெரியும், எலிமென்ட் சட்டத்தோடு அதற்குள் டிராயர் மாதிரி நழுவிப் போகும், ஓரிரு ஸ்க்ரூதான். சாம்சங், எல்ஜியில் பொதுவாக டிரம்முக்குக் கீழே இருப்பதால் டிரம்மையே எடுக்க வேண்டும். ஜிஇ மாடல்கள் பலவற்றில் டிரம்முக்குப் பின்னால் வட்டமாக ஓடும், அதில் வெறும் சுருளை மட்டும் வாங்கிப் பழைய பீங்கான்களில் கோக்கும் வசதி உண்டு. பொறுமை இல்லாதவர் அதில் கை வைக்காதீர்கள். சுருளை முதலில் தேவையான நீளத்துக்கு இரண்டு முனையையும் பிடித்துச் சீராக இழுக்க வேண்டும். கோத்துக்கொண்டே அங்கங்கே இழுத்தால் சுற்றுகள் ஒரு சீராக இராது, நெருங்கிய இடம் சீக்கிரம் போகும்.

புது எலிமென்ட்டைச் சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், சுருளில் விரல் படக்கூடாது. மாட்டுவதற்கு முன்னால் மேஜையில் வைத்து ஒவ்வொரு பீங்கானாகப் பாருங்கள்: தகரத் துளையில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, காடிக்கு வெளியே சுற்று ஏதாவது நழுவியிருக்கிறதா என்று. கூரியரில் வந்த பெட்டியிலேயே பீங்கான் உடைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிராண்ட் இல்லாத மலிவு எலிமென்ட்களில் சிலவற்றில் பீங்கான் லொடலொடவென்று ஆடும். அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், பத்து டாலர் மிச்சத்துக்கு மாட்டாதீர்கள். பெட்டிக்குள் வேக்யூம் போட்டு, உள்நோக்கி ஒடுங்கிய தகரத்தைச் சரிசெய்து, சாய்க்காமல் நேராக நழுவவிடுங்கள்.

ஒயர் மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர். இரண்டு டெர்மினலுக்கும் இடையே 10 ஓம் பக்கம் காட்ட வேண்டும். டெர்மினலுக்கும் தகரத்துக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் எங்கோ தொடுகிறது, வெளியே எடுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் ஒயர் முனை. 22 ஆம்பியருக்கு மேல் ஓடும் இடம் அது. பழைய ஸ்பேடு டெர்மினல் (ஒயர் நுனியில் இருக்கும் தட்டையான செருகுமுனை) பழுப்பாகி, வெறுங்கையில் இழுத்தாலே கழன்று வந்தால், அதைப் புது எலிமென்ட்டில் செருகாதீர்கள். பளபளப்பான ஒயர் வரும் வரை வெட்டி, சூடு தாங்கும் டெர்மினலை கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் நசுக்கி இறுக்குங்கள்). சோல்டர் அந்தச் சூட்டில் இளகிவிடும், இன்சுலேஷன் டேப் கருகிவிடும். பக்கத்தில் இருக்கும் தெர்மல் கட்-ஆஃப் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒருமுறை போனால் திரும்பச் சேராத வகை அது. அதை விட்டுவிட்டு, அதில் வரும் இரண்டு ஒயரையும் ஜம்பர் போட்டு நேராக இணைத்து ஓட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். தீ பிடிக்கும் முன் நிற்க வைப்பதற்குத்தான் அது இருக்கிறது.

மாட்டிய பிறகு முதல் ஓட்டத்தைத் துணியில்லாமல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். புதுக் கம்பி வாசனை கொஞ்சம் வரும், போய்விடும். அதன்பின் ஏர் ஃப்ளஃப் வைத்து ஓட்டி, வரும் காற்று ஆறுகிறதா என்று பாருங்கள்.

பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஒன்று. பல கட்டடங்களில் த்ரீ-ஃபேஸ் சப்ளை என்பதால் வீட்டுக்கு வருவது 208 வோல்ட். 240-க்குச் செய்த 5400 வாட் எலிமென்ட் அதில் 4050 வாட் அளவுதான் தரும். துணி காய நேரம் ஆவது அதனால் இருக்கலாம், அதற்காக எலிமென்ட் மாற்ற வேண்டாம். வாடகை வீட்டில் மெஷின் உரிமையாளருடையது என்றால், இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, மெயின்டனன்ஸ் ஆபீஸுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வருகிறவரிடம் பீங்கானையும் வென்ட் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.