பாதியில் விட்ட லண்டன் நதிகள்: கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' என்ற மாயத் துப்பறியும் நாவல் வரிசையில் முதல் நாலு நாவல்களைக் கல்லூரியில் படிக்கும்போது ஒரே மூச்சாக வாசித்தேன். பிறகு விட்டுப்போனது. போன மாதம் ஆறாவதான 'தி ஹேங்கிங் ட்ரீ'யை எடுத்தேன், நாற்பது பக்கம் தாண்ட முடியவில்லை. யாருக்கு யார் என்ன உறவு என்பதே பிடிபடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவா? விக்கியில் கதைச்சுருக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தால் போதுமா? நடுவே வந்த குறுநாவல்கள் எந்த இடத்தில் பொருந்தும்? கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு தினமும் ரயிலில் போய்வருகிற நேரம்தான் எனக்கு வாசிப்பு நேரம்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலிருந்து தொடங்க வேண்டாம். துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று நினைவிருந்தால் பாதிப் பிடிப்பு போய்விடும். புதிய பக்கம் ஒன்றைத் தொட ஆயிரத்துக்கு மேல் பழைய பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். அலுத்து மூன்றாவது நூலிலேயே மறுபடி நின்றுவிடுவீர்கள். விக்கியும் வேண்டாம். ஒரு பாத்திரத்தின் பக்கத்தைத் திறந்தால், அவர் கடைசியில் என்ன ஆனார் என்பது முதல் பத்தியிலேயே கண்ணில் பட்டுவிடும். பிறகு மூன்று நாவல்களின் பதற்றம் உங்களுக்குக் கிடைக்காது.

நடந்த சம்பவங்கள் உங்களுக்கு ஓரளவு நினைவிருக்கும். மறந்துபோனது கணக்கு. யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார், யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்ற கணக்கு. நீங்கள் நாற்பதாம் பக்கத்தில் நின்றதற்கும் அதுதான் காரணம். 'தி ஹேங்கிங் ட்ரீ' தொடங்குவதே ஒரு கடனில்தான். பணக்காரக் குடியிருப்பில் ஒரு சாவு. இந்த வரிசையில் லண்டனின் ஆறுகள் ஆளுருவில் நடமாடும் தெய்வங்கள்; அவர்களில் ஒருத்தியான டைபர்ன் சீமாட்டியின் மகள் அங்கே இருந்திருக்கிறாள். மந்திரம் பயிலும் போலீஸ்காரனான கதாநாயகன் பீட்டர் கிராண்ட் அந்தச் சீமாட்டிக்கு ஒரு உதவி பாக்கி வைத்திருக்கிறான். அவள் அதைக் கேட்கிறாள், அவனால் மறுக்க முடியவில்லை. பாக்கியை மறந்தவருக்கு அவன் ஏன் வாய் திறவாமல் போகிறான் என்று எப்படிப் புரியும்?

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுடலைமாடனுக்குக் கிடா நேர்ந்துவிட்டவர், கொடையன்று அதைக் கொண்டு நிறுத்தும்வரை கடன்காரர்தான். ஆரனோவிச்சின் லண்டனிலும் வாக்குக்கு அதே கனம். முதல் நூலில் தேம்ஸ் ஆற்றின் தெய்வமான தேம்ஸ் அம்மையின் வீட்டுக் காட்சியை மட்டும் எடுத்துப் படியுங்கள். (மூலத்தில் 'மாமா தேம்ஸ்'; 'மாமா' என்று தமிழில் எழுதினால் ஆள் மாறிப்போகும், நாம் அம்மை என்றே சொல்வோம்.) தேநீரும் தின்பண்டமும் முன்னால் இருக்கின்றன, பீட்டர் கை நீட்டவில்லை. இதைச் சாப்பிட்டால் எந்தக் கடப்பாடும் இல்லை என்று வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் சாப்பிட்டால் அந்த நதிக்கு ஆள்பட்டுப் போவான். இந்த ஒரு பழக்கம் வரிசை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பின்னால் வரும் நூல்களில் ஆசிரியர் இதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

அதே நூலின் கடைசி அத்தியாயத்தையும் படியுங்கள். கீழாற்றை ஆளும் தேம்ஸ் அம்மையின் தரப்பும் மேலாற்றை ஆளும் தேம்ஸ் தந்தையின் தரப்பும் பணயமாக ஆள் மாற்றிக்கொள்கிறார்கள்: பெவர்லி புரூக் மேலாற்றுக்குப் போகிறாள், ஆஷ் லண்டனுக்கு வருகிறான். எல்லைக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. டெடிங்டன் மதகுக்குக் கீழே, கடலோதம் ஏறுகிற ஆறு அம்மைக்கு. அதற்கு மேலே தேம்ஸ் தந்தைக்கு. 1858-இல் லண்டன் சாக்கடை நாற்றத்தில் ஆறு செத்தபோது மேலே போனவர், பிறகு கீழே வரவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒரு கோடு போட்டு, பாபநாசம் வரைக்கும் ஒருவருக்கு, கடல் வரைக்கும் இன்னொருவருக்கு என்று வைத்துப் பாருங்கள். படம் மனதில் நின்றுவிடும்.

இப்போது ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் கீழாற்று மகள்கள்: டைபர்ன், ஃப்ளீட், எஃப்ரா, பெவர்லி புரூக். வலப்பக்கம் மேலாற்றுக்காரர்கள்: ஆக்ஸ்லி, அவர் மனைவி ஐசிஸ், ஆஷ். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த ஆறு இன்று எப்படி இருக்கிறது என்று ஒரு வரி. டைபர்னும் ஃப்ளீட்டும் தெருக்களுக்கு அடியில் புதைந்த ஆறுகள். பெவர்லி புரூக் இன்றும் பெரும்பாலும் வெயில் பார்த்து ஓடுகிற ஓடை. மணிமுத்தாற்றின் குணம் சிற்றாற்றுக்கு வராது என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பெண்களின் குணம் உடனே பிடிபடும். பெயர்களுக்குக் கீழே 'பாக்கி' என்று எழுதி இடம் விடுங்கள். யார் யாருக்கு வாக்குக் கொடுத்தாலும் அங்கே குறியுங்கள்.

விதிகளில் ஒன்றை மறக்கக் கூடாது. மந்திரம் செலுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் மின்னணுச் சில்லு பொடிப்பொடியாகும். அணைத்து வைத்தால் தப்பிக்கும். பீட்டர் கைபேசிக்குத் தனி சுவிட்ச் வைத்துக்கொண்டு திரிவது அதனால்தான். அதே மந்திரத்தை அளவுக்கு மீறிச் செய்தால் பொடியாவது மூளை.

இதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அடுத்து நாலாவதான 'புரோக்கன் ஹோம்ஸ்' (2013). இதை மட்டும் முழுதாகப் படியுங்கள், ஒரு வரிகூடத் தாண்டாமல். கதை நடக்கும் அடுக்குமாடிக் கோபுரத்தில் கடைசிப் பக்கங்களில் நடப்பதை இங்கே எழுத மாட்டேன். படிக்காதவர்களும் இதைப் படிப்பார்கள். ஆனால் ஆறும் ஏழும் நிற்பது அந்தக் காயத்தின் மேல்தான். சுருக்கத்தில் அது ஒரு வாக்கியம். நாவலிலோ, அதற்கு முன் அந்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து சிரித்த ஒவ்வொரு பக்கமும் அந்த இடத்தில் வந்து குத்தும்.

பிறகு, வெளிவந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 'ஃபாக்ஸ்குளோவ் சம்மர்' (2014) முடிந்ததும் 'வாட் அபிகெயில் டிட் தட் சம்மர்'. பீட்டரின் உறவுக்காரப் பெண் அபிகெயிலின் கதை, 2021-இல் வந்த குறுநாவல்தான், ஆனால் பீட்டர் கிராமத்துப் பக்கம் போயிருக்கும் அதே கோடையில் லண்டனில் நடப்பது. அடுத்து 'தி ஃபர்தஸ்ட் ஸ்டேஷன்' (2017), அதன் பிறகு 'தி ஹேங்கிங் ட்ரீ' (2016), 'லைஸ் ஸ்லீப்பிங்' (2018). இரண்டாவது நூலில் தொடங்கிய, 'முகமற்றவன்' என்ற வில்லனின் கதை இங்கே முடிகிறது. இந்த இடத்தில் ஒரு மாதம் ஓய்வு எடுத்தாலும் நஷ்டமில்லை.

'ஃபால்ஸ் வேல்யூ' (2020) பலரையும் தடுமாறவைக்கும். முதல் அத்தியாயங்களில் காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. புரியவில்லை என்று பின்னால் புரட்டாமல் தொடர்ந்து போங்கள், தானே சேர்ந்துகொள்ளும். 'அமங்ஸ்ட் அவர் வெப்பன்ஸ்' (2022) முடித்து, பத்தாவதான 'ஸ்டோன் அண்ட் ஸ்கை'க்கு (2025) வாருங்கள். கதை ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்குப் போகிறது. அபிகெயிலும் கதை சொல்கிறாள், அவளுடைய குறுநாவலை முன்பே படிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஜெர்மனியில் நடக்கும் 'தி அக்டோபர் மேன்' (2019) தனிக்கதை, எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்.

வாங்கும்போது ஒரு கவனம். முதல் நாவல் அமெரிக்காவில் 'மிட்நைட் ரயட்' என்ற பெயரில் வந்தது. புதிய நூல் என்று நினைத்து அதற்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

போலீஸ் பதவிகளும் குழப்பும். 'டிடெக்டிவ்' என்பது பிரிவைக் காட்டும் சொல், படியேற்றம் அல்ல. டிடெக்டிவ் கான்ஸ்டபிளும் கான்ஸ்டபிளும் ஒரே படிதான்.

ரயிலுக்கு ஒலிநூல் நன்றாகப் பொருந்தும். கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித் வாசித்தவற்றைத் தேடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஊர்ப்பேச்சு கொடுத்திருக்கிறார், பெயர் மறந்தாலும் குரல் காட்டிக்கொடுக்கும். 'புரோக்கன் ஹோம்ஸை' மட்டும் கண்ணால் படியுங்கள். அதில் கட்டடத்தின் அமைப்பே துப்பு. இரைச்சலில் ஒரு வரி தப்பினால் எந்தத் தளத்தில் யார் நிற்கிறார் என்பது கைவிட்டுப்போகும்.

அன்புடன்,
அண்ணாச்சி