ஸ்பெயினில் கோட்டையிலும் மடாலயத்திலும் தங்க ஆசையா? முதலில் அறையை விசாரியுங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: "அக்டோபரில் நானும் கணவரும் மாமனார், மாமியாரைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிட்டில் இறங்கி கிரனாடா, செவில்லா வரை போக எண்ணம். வழியில் பழைய அரண்மனை, மடாலயம் போன்ற இடங்களில் தங்க வேண்டும் என்று மாமனாருக்கு ரொம்ப ஆசை. மாமியாருக்கு முழங்கால் வலி. நாங்கள் நால்வரும் சைவம். இணையத்தில் தேடினால் எல்லா ஹோட்டலும் தன்னைப் பழம்பெருமை வாய்ந்தது என்றே சொல்லிக்கொள்கிறது. எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?"

உங்கள் மாமனாரின் ஆசை நல்ல ஆசை. ஐரோப்பாவில் இதற்கு ஸ்பெயினைப் போல வசதியான நாடு குறைவு. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கட்டடம் எத்தனை நூற்றாண்டு பழையது என்பதைவிட, அதில் உங்களுக்கு எந்த அறை கிடைக்கிறது, அது எந்த ஊரில் நிற்கிறது என்பதுதான் தங்கலின் தரத்தைத் தீர்மானிக்கும். புகழ்பெற்ற கோட்டையில் புதிதாகச் சேர்த்த பகுதியில் அறை கிடைத்தால், பார்க்கிங்கைப் பார்த்த ஜன்னலோடு இரவு முடிந்துவிடும்.

தேடலை 'பரடோர்' என்ற அரசு ஹோட்டல்களிலிருந்து தொடங்குங்கள். நாடு முழுக்க நூறுக்குச் சற்றுக் குறைவாக இருக்கின்றன. இவை எப்படி வந்தன என்பது தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம். 1836-ல் மெந்திசாபல் என்ற பிரதமர் மடாலயங்களின் சொத்துகளை அரசுடைமையாக்கி விற்கத் தொடங்கினார். துறவிகள் வெளியேறியதும் அந்தப் பெரிய கட்டடங்களில் பல படைமுகாமாகவும் சிறையாகவும் மாறின, சில இடிந்தே போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்கான அரச ஆணையராக இருந்த வேகா இன்க்லான் பிரபு, பயணிகளுக்கு அரசே விடுதிகள் நடத்த வேண்டும் என்று முயன்றார். முதல் பரடோரை 1928 அக்டோபரில் கிரேதோஸ் மலையில் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ திறந்துவைத்தார். அது புதிதாகக் கட்டிய விடுதி. பழைய கோட்டைகளையும் அரண்மனைகளையும் அப்படி மாற்றுவது 1930-ல் ஒரோபேசா, ஊபெதா ஆகிய ஊர்களில் தொடங்கியது. பாழடையும் கட்டடத்துக்கு ஒரு வருமானம், ஒதுங்கிக் கிடக்கும் ஊருக்குக் கொஞ்சம் வேலைவாய்ப்பு. இந்தக் கணக்கு இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பரடோர் என்றாலே பழைய கட்டடம் என்று அர்த்தமில்லை. தொலேதோ பரடோர் புதுக் கட்டடம், ஊருக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கக் குன்றில் இருக்கிறது. அங்கிருந்து தெரியும் காட்சி அபாரம், ஆனால் இரவு உணவுக்குப் பிறகு பழைய தெருக்களில் நடக்க வேண்டுமென்றால் டாக்சி பிடிக்க வேண்டும். செகோவியாவிலும் இதே கதை. ஹயேன் நகரத்துக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் பரடோர் கோட்டை மாதிரியே தெரியும். அது பழைய கோட்டைக்குப் பக்கத்தில் 1965-ல் திறக்கப்பட்ட கட்டடம். (பிரான்சின் முன்னாள் அதிபர் தெ கோல் 1970-ல் அங்கே தங்கியிருக்கிறார். இடம் அருமையான இடம்தான்.) சிகுவென்சா கோட்டை உண்மையிலேயே பழையது, ஆனால் உள்நாட்டுப் போரில் சிதைந்துபோய் 1970-களில் பெருமளவு திருப்பிக் கட்டப்பட்டது. இவற்றை மோசம் என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் பாதைக்கு என் யோசனை இது: மாட்ரிட்டில் ஒன்றிரண்டு இரவு, பிறகு அல்மாக்ரோ, ஊபெதா, கிரனாடா, கார்மோனா ஆகிய நான்கிலும் தலா இரண்டு இரவு. தினம் ஓர் ஊர் என்று ஓடாதீர்கள். இந்த ஊர்களின் அழகே பகல்நேரப் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு, மாலை ஏழு மணிக்கு மேல்தான் தெரியும். மதியம் வந்து காலையில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு அது ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

அல்மாக்ரோவை நான் சொல்வது உங்கள் மாமியாருக்காக. லா மான்ச்சா சமவெளி ஊர், தெருக்கள் மட்டமாக இருக்கும். மாட்ரிட்டிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பரடோர் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த பிரான்சிஸ்கன் மடம். சின்னச் சின்ன முற்றங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். பக்கத்தில் நடை தூரத்தில் ஊர்ச் சதுக்கம், அதன் இரு பக்கமும் பச்சை வண்ணம் பூசிய கண்ணாடி ஜன்னல்கள் வரிசையாக. அங்கேயே 1628-ல் கட்டிய நாடகக் கொட்டகை, மரத் தூண்களும் மாடங்களுமாக அப்படியே நிற்கிறது. இப்போதும் நாடகம் நடக்கிறது. போகிற நாளில் காட்சி உண்டா என்று முன்கூட்டியே பாருங்கள், மொழி புரியாவிட்டாலும் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது வேறு அனுபவம். இந்த ஊரின் இன்னொரு புகழ் சின்னக் கத்தரிக்காய் ஊறுகாய். காடி, சீரகம், பூண்டு போட்டு ஊறவைத்தது. உங்களுக்குப் பிடித்துப்போகும்.

ஊபெதாவுக்கு அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பரடோர், ஒர்தேகா என்ற மூத்த பாதிரியாருக்காகப் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை. அடுத்த வாசலே சல்வதோர் தேவாலயம். ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் செயலர் கோபோஸ் தன் சமாதிக்காகக் கட்டச் சொன்னது. அந்தச் சதுக்கத்தையும் பக்கத்து ஊரான பயேசாவையும் சேர்த்து 2003-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. உள்ளே நுழைந்ததும் ஒல்லியான கல்தூண்கள் இரண்டு அடுக்காகச் சூழ்ந்த முற்றம். இங்கே கேட்டு வாங்க வேண்டியது சதுக்கத்தைப் பார்த்த அறை. சுவரின் கனத்தில் ஜன்னலடியிலேயே ஆள் உட்காரலாம் போல இருக்கும். இம்மாதிரி வீடுகளில் ஜன்னலுக்கு உட்புறம் மரக் கதவுகள் இருக்கும், அவற்றில் பெரும்பாலும் சின்னத் திட்டிக் கதவு தனியாகத் திறக்கும். பகலில் மரக் கதவை மூடிவிட்டு, வெளிச்சத்துக்குச் சின்னதை மட்டும் திறந்துவைப்பார்கள். சுட்ட மண் ஓடு பாவிய தரை வெறுங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். வெயில் காலத்தில் இந்தப் பழக்கம் ஏசிக்குச் சமம், வந்ததும் ஜன்னலை அகலத் திறந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் அறை சூடேறிவிடும். அக்டோபரில் இந்தக் கவலை குறைவு. இரவில் குளிரும், போர்வை கூடுதலாகக் கேளுங்கள்.

கிரனாடா பரடோர், முஸ்லிம் மன்னர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும் பழைய பிரான்சிஸ்கன் மடம். 1504-ல் இறந்த இசபெல்லா அரசியை முதலில் புதைத்தது இங்கேதான். 1521-ல்தான் ஊருக்குள் இருக்கும் அரச தேவாலயத்துக்கு மாற்றினார்கள். அறைகள் சுமார் நாற்பதுதான். எல்லா பரடோர்களிலும் விலையும் போட்டியும் அதிகமானவற்றில் இது ஒன்று. கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கும்? கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தோட்டங்களின் ஓரத்தில், சுவர்களுக்குள்ளேயே இரவைக் கழிப்பது. பட்ஜெட் இடிக்காவிட்டால் ஓர் இரவாவது தங்குங்கள். இடித்தால் வருத்தப்பட வேண்டாம், வெளியாரும் உள்ளே போய் அரசியின் முதல் சமாதியைப் பார்க்கலாம், திறந்தவெளி முற்றத்தில் உட்கார்ந்து ஹெனரலிஃபே தோட்டத்தைப் பார்த்தபடி காபி குடிக்கலாம். முக்கியமாக, அங்கே தங்கினாலும் அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட் தனி. அதற்குள் இருக்கும் நஸ்ரித் வம்ச அரண்மனைகளுக்கு நேரம் குறித்த அனுமதி. அறை போடுவதற்கு முன்பே டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். மாற்றாக அல்பைசின் பகுதியின் தோட்ட வீடுகளைப் பலர் சொல்வார்கள். அழகுதான், ஆனால் செங்குத்தான கூழாங்கல் சந்துகள். முழங்கால் வலிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக கார்மோனா. செவில்லாவிலிருந்து 35 கிலோமீட்டருக்குள். பதினான்காம் நூற்றாண்டில் காஸ்டிலை ஆண்ட முதலாம் பேதுரோ மன்னரின் கோட்டை இருந்த மேட்டில் பரடோர். கீழே கண்ணுக்கு எட்டிய வரை வயல்வெளி. அந்தப் பக்க அறையைக் கேளுங்கள். செவில்லாவுக்குள் பார்க்கிங் தேடி அல்லாடுவதைவிட இங்கே காரை நிறுத்திவிட்டு, பகலில் பேருந்தில் போய்வருவது நிம்மதி. ரோண்டாவின் பரடோரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் அற்புதமாக நிற்கிறது. பத்து நாளில் அதையும் திணிக்க வேண்டாம் என்பதால் விட்டுவிட்டேன்.

இப்போது அறை விஷயம். முன்பதிவு செய்த கையோடு ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய பகுதியிலா புதிய பகுதியிலா, எந்த மாடி, அறை வாசல் வரை லிஃப்ட் போகிறதா என்று தெளிவாகக் கேளுங்கள். லிஃப்ட் இருந்தும் அதற்குப் பிறகு நாலு படி ஏற வேண்டிய அமைப்பு இந்தக் கட்டடங்களில் சகஜம். இன்னொன்று குளியலறை. பல பழைய ஹோட்டல்களில் ஷவர், உயரமான குளியல் தொட்டிக்குள்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்குப் படிக்கட்டைவிட இதுதான் பெரிய அபாயம். தொட்டி இல்லாத ஷவர் உள்ள அறை வேண்டும், அல்லது நடமாடச் சிரமப்படுவோருக்காக மாற்றியமைத்த அறை வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு அறையும் ஒரே தளத்தில் வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்தில் மணிக்கூண்டு இருந்தால் தூக்கம் லேசானவர்களுக்கு உள்முற்றத்து அறை நல்லது.

சாப்பாட்டில் கொஞ்சம் விழிப்பு தேவை. மதிய உணவு ஒன்றரை, இரண்டு மணிக்கு, இரவு உணவு எட்டரைக்கு மேல். பெரியவர்கள் அவ்வளவு நேரம் தாங்க மாட்டார்கள் என்றால் மதியம் நன்றாகச் சாப்பிட்டு இரவை லேசாக முடியுங்கள். காய்கறி உணவு என்று வருவதிலும் பன்றித் தொடைத் துண்டு தூவியிருக்கும். 'பெஹெதால்' என்று பெயர் போட்ட சாண்ட்விச்சில்கூட டூனா மீன் இருப்பது வழக்கம். அதனால் சைவம் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்" என்று பிரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித் தொடை, டூனா மூன்றும் வேண்டாம் என்று பொருள். பிஸ்தோ என்ற காய்கறிக் கூட்டு, கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த செவில்லா பதார்த்தம், தேன் ஊற்றிய கத்தரி வறுவல் எல்லாம் நம்பி வாங்கலாம். பிஸ்தோவின் மேல் முட்டை வைப்பார்கள், தேவையில்லை என்றால் சொல்லிவிடுங்கள். ஊபெதா இருக்கும் ஹயேன் மாகாணம் ஆலிவ் எண்ணெய் உற்பத்தியில் முதலிடம். காலையில் வாட்டிய ரொட்டியில் துருவிய தக்காளியும் அந்த எண்ணெயும் போதும்.

பரடோர் தவிர, கிராமப்புறத்தில் 'கசா ரூரல்' என்ற பழைய வீடுகள் உண்டு. சமையலறையோடு முழு வீடாகவும் கிடைக்கும், நால்வர் குடும்பத்துக்குச் சிக்கனம், ரசம் வைத்துச் சாப்பிடலாம். ஆனால் பெரும்பாலும் வரவேற்பறை ஆள் இருக்க மாட்டார். சாவி வாங்கும் நேரத்தை உரிமையாளரிடம் பேசிவைக்க வேண்டும். ஞாயிறன்று கிராமத்துக் கடைகள் மூடியிருக்கும். கார் இல்லாமல் போகவே கூடாது.

காருக்கு இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஊர்களின் மையத்தில் கேமரா வைத்து வண்டிகளைக் கட்டுப்படுத்துகிறார்கள். கிளம்பும் முன் வண்டி எண்ணை ஹோட்டலுக்குச் சொன்னால், அனுமதி தேவைப்படும் இடத்தில் அவர்கள் பதிந்துவைப்பார்கள். சொல்லாமல் நுழைந்தால் அபராதம் வீடு தேடி வரும். தங்குபவர் விவரம் பதிவது அங்கே சட்டம், எனவே நால்வர் பாஸ்போர்ட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

விலை பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். பல பரடோர்களில் இருவர் அறை 100 முதல் 200 யூரோவுக்குள் கிடைக்கும், கிரனாடா இதைத் தாண்டும். 55 வயது தாண்டியவர்களுக்கு மலிவான கட்டணம் இருக்கிறது, மாமனார் பெயரில் அறை போடும்போது அதையும் பாருங்கள். முன்பணம் கட்டினால் மலிவு என்று வரும் ரத்து செய்ய முடியாத கட்டணத்தை ஷெங்கன் விசா கையில் வரும் வரை தொடாதீர்கள். விசா விண்ணப்பத்துக்கு ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதும். தேதியைப் பொறுத்தவரை, அக்டோபர் 12 ஸ்பெயினின் தேசிய நாள். அதையொட்டிய வார இறுதியில் உள்ளூர்க்காரர்களே இந்த ஹோட்டல்களை நிரப்பிவிடுவார்கள். முடிந்தால் மாதத்தின் பிற்பாதிக்குப் போங்கள். அல்ஹம்ப்ரா டிக்கெட்டும் கிரனாடா அறையும் எந்தத் தேதிக்குக் கிடைக்கின்றன என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு முன்னால் ஊபெதாவையும் அல்மாக்ரோவையும், பின்னால் கார்மோனாவையும் பொருத்துங்கள்.