ரோமானியச் செப்புக் காசுகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த காசுகளில் ஒன்று. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த முகம், மறுபக்கம் ஒரு விலங்கு, அதன் அடியில் இரண்டு குழந்தைகள். எந்த அரசர் இது?

பதில்: அரசரே இல்லை. ரோம் நகரத்தைப் பெண்ணாக உருவகித்த முகம் அது. சுற்றிலும் 'ஊர்ப்ஸ் ரோமா' என்ற எழுத்து இருக்கும். பின்புறம், ரோமை நிறுவியதாகப் பழங்கதை சொல்லும் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பால் கொடுக்கும் ஓநாய். அதற்கு மேலே இரண்டு நட்சத்திரங்கள் தெரிகின்றனவா, பாருங்கள். கி.பி. 330-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைத் திறந்ததையொட்டி வந்த காசு. இதற்கு ஒரு ஜோடி உண்டு: அதில் கப்பல் முனையில் சிறகுள்ள வெற்றித் தேவதை நிற்பாள், முன்புற முகம் பெண்ணாக உருவகித்த கான்ஸ்டான்டிநோபிளுடையது. கிறித்தவத்தை ஆதரித்த அரசர் பழைய ஓநாயைக் கைவிடவில்லை, கவனித்தீர்களா? படத்துக்குக் கீழே கோட்டுக்கு அடியில் உள்ள எழுத்துகள் காசை அடித்த ஊரைச் சொல்லும். 'டி.ஆர்.' என்று தொடங்கினால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர்.

கேள்வி: பெரிய காசுகளின் பின்புறம் 'எஸ்.சி.' என்று இருக்கிறதே?

பதில்: 'செனட் சபையின் ஆணைப்படி' என்பதன் லத்தீன் சுருக்கம். முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்திலிருந்து உண்டு. சபைக்கு நிஜமாகவே எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: பேரீச்ச மரத்தடியில் ஒரு பெண் அழும் காசு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்தப் பெண், யூதர்களின் நாடான யூதேயாவின் உருவகம். கி.பி. 70-இல் ஜெருசலேம் ரோமப் படையிடம் வீழ்ந்த பிறகு பேரரசர் வெஸ்பாசியன் அடித்த வெற்றிக் காசு. தோற்ற நாட்டின் அழுகையையே படமாக்கிக் கைக்குக் கை புழங்கவிட்டார்கள். பெயர் பெற்ற காசு என்பதால் போலிகள் ஏராளம். விளிம்பில் வார்ப்புத் தடம் ஓடினால் தொடவே வேண்டாம். வெண்கலம் என்று விற்பார்கள். இதன் பெரிய வகையான செஸ்டர்டியஸ் உண்மையில் பித்தளை.

கேள்வி: கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது! பச்சைப் படலத்தோடு படமும் போய்விடும். கரூர், மதுரைப் பக்கம் கிடைக்கும் ரோமச் செப்புக் காசுகள் பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டின் சின்னஞ்சிறு காசுகள். அவற்றில் படமே மெல்லியது. காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, நீரை மாற்றிக்கொண்டே, மரக்குச்சியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் குளோரைடு அரிப்பு. ஈரம் படாமல் வைத்து அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.