முதல் பருவத்து வடிவமைப்பு மாணவர்களுக்கு எந்த நாடகத்தைக் கொடுப்பது?

கேள்வி: பல வருடங்களாக நடிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை அரங்க வடிவமைப்பு வகுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. 16 மாணவர்கள், 14 வாரங்கள். செட், உடை, ஒளி மூன்றையும் தொட வேண்டும். யாரும் இதற்கு முன் ஒரு தரைப்படம்கூட (மேடையை மேலிருந்து பார்த்தபடி வரைகிற படம்) போட்டதில்லை. ஷேக்ஸ்பியரின் சோக நாடகம் ஒன்றில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். சரியாக இருக்குமா? வேறு எவற்றை எடுக்கலாம்?

பதில்: ஷேக்ஸ்பியர் வரட்டும், ஆனால் முதலில் வேண்டாம். நான் இந்த வகுப்பை முதன்முதலாக எடுத்தபோது 'மேக்பெத்'தில்தான் தொடங்கினேன். மாணவர்கள் செய்துகொண்டு வந்த மாடல்களில் ஏறக்குறைய எல்லாமே கறுப்புத் துணி, சிவப்பு விளக்கு, கொஞ்சம் புகை. அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த நாடகப் பிரதியில் இடத்தைப் பற்றிய மேடைக் குறிப்பு மிகக் குறைவு. வசனத்திலிருந்துதான் இடத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஏற்கெனவே பழகிய கண் வேண்டும். பழகாதவர் அந்த வெற்றிடத்தைத் தன் உணர்ச்சியால் நிரப்புகிறார். இருட்டு, ரத்தம், பயம் என்று பொதுவாக ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதவு எங்கே, அதன் வழியாக யார் வருகிறார்கள், வந்தவர் எங்கே உட்காருகிறார், வெளிச்சம் எப்போது மாறுகிறது என்று யாரும் கேட்டுக்கொள்வதே இல்லை.

அதன் பிறகு நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறேன். பிரதி மாணவரைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கான பதிலைப் பிரதியை வைத்தே வாதாட முடிய வேண்டும். நாடகம் எவ்வளவு புகழ்பெற்றது என்பது அப்புறம்.

அப்படிப் பார்த்தால் தொடங்க மிகப் பொருத்தமானது சூசன் கிளாஸ்பெல் 1916-இல் எழுதிய ஓரங்க நாடகமான 'டிரைஃபிள்ஸ்'. அரை மணி நேரத்து நாடகம். ஐந்து பாத்திரங்கள், ஒரு பண்ணை வீட்டின் சமையலறை. கணவன் கொலையாகிக் கிடந்தான், மனைவி சிறையில். ஆண்கள் மாடியிலும் வெளியிலும் தடயம் தேடுகிறார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் சமையலறையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாதி துடைத்த மேசை, பெட்டியில் போடாமல் வெளியே விட்ட ரொட்டி, ஒரே ஒரு துண்டில் மட்டும் தையல் தாறுமாறாகப் போன போர்வை, கதவு பிய்ந்த பறவைக் கூண்டு, அழகான சிறு பெட்டிக்குள் செத்த பறவை. எழுதியவர் செய்தியாளராக இருந்தபோது ஒரு கொலை வழக்கை நேரில் பின்தொடர்ந்தவர். அந்தக் கண் பிரதி முழுக்கத் தெரிகிறது.

இதில் ஒவ்வொரு பொருளும் ஒரு சாட்சி. அதனால் அதை எங்கே வைப்பது என்பது நேரடியாகக் கதையைத் தொடுகிற கேள்வியாகிவிடுகிறது. கூண்டு பளிச்சென்று தெரிந்தால் பெண்களுக்கு முன்பே பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார். ஒளித்து வைத்தால் அந்தப் பெண்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதற்குக் காரணம் வேண்டும். குளிர் அந்த வீட்டை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்: அடுப்பு அணைந்ததால் பழப்பாகு ஜாடிகளே உறைந்து வெடித்திருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் ஆண்கள் நேராக அடுப்பருகே போகிறார்கள், பெண்கள் கதவோரமாக ஒட்டி நிற்கிறார்கள். உடைக்கும் ஒளிக்கும் தரைப்படத்துக்கும் வேண்டிய தகவல் இந்த ஒரு அசைவிலேயே இருக்கிறது.

இதற்கு நான்கு வாரம் கொடுங்கள். முதல் வாரம் யாரையும் பென்சிலால் வரைய விடாதீர்கள். மூன்று முறை படிக்கட்டும். முதல் முறை ஒரே மூச்சில், பார்வையாளராக, குறிப்பு எதுவும் எடுக்காமல். இரண்டாவது முறை பிரதி வெளிப்படையாகச் சொல்வதையெல்லாம் பட்டியல் போட வேண்டும்: கதவுகள், பொருள்கள், பருவம், நேரம், யார் எப்போது எந்த வழியாக வருகிறார் போகிறார். மூன்றாவது முறை, சொல்லாமல் விட்டது, ஆனால் இல்லாவிட்டால் காட்சி நடக்காது என்பவை. இந்தப் பட்டியலுக்கும் மதிப்பெண் போடுங்கள். வரையத் தெரிந்த மாணவர் முதல் நாளே மற்றவரை மிரட்டிவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, இப்சனின் 'பொம்மை வீடு' (1879). நீளமான நாடகம்தான், ஆனால் மூன்று அங்கமும் ஒரே அறை. இடம் மாறாததால், காலம் போகப் போக அந்த அறைக்கு என்ன ஆகிறது என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம். முதல் அங்கத்தில் வருகிற கிறிஸ்துமஸ் மரம் இரண்டாவதில் அலங்காரம் பிய்ந்து, மெழுகுவத்திகள் எரிந்து முடிந்து மூலையில் நிற்கிறது. நாயகி நோராவின் ரகசியத்தைச் சொல்லும் கடிதம் விழுந்து கிடக்கிற பூட்டிய கடிதப் பெட்டி கதவுக்கு அப்பால் இருக்கிறது. அதை எத்தனை பேர் எப்போது பார்க்க முடியும் என்பதிலேயே செட் பாதி முடிவாகிவிடும். நோரா விழா உடையைக் கழற்றி அன்றாட உடையில் திரும்பி வருவதுதான் கடைசிக் காட்சியின் திருப்பம். அதை உடை வடிவமைப்பவர் கோட்டைவிட்டால் நடிகையால் மட்டும் காப்பாற்ற முடியாது.

ஒளிக்கு இரண்டாம் அங்கத்தைப் பிடியுங்கள். குடும்ப நண்பரான டாக்டர் ரேங்க் நோராவிடம் பேசப் பேசப் பொழுது இருட்டிக்கொண்டே வருகிறது. அவர் தன் காதலைச் சொல்லிவிடுகிறார். உடனே நோரா வேலைக்காரியைக் கூப்பிட்டு விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறாள். ஒளி மாற்றம் ஒரு பாத்திரத்தின் முடிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம், மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்த நாடகத்தை நான் விடுவதில்லை. ஐந்து வாரம் ஒதுக்குங்கள்.

பிறகு ஒரே ஒரு வாரம் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'. முழு நாடகத்துக்கும் செட் வேண்டாம். ஒரு நாட்டுப்புறச் சாலை, ஒரு மரம். இரண்டாம் அங்கத்தில் அந்த மரத்தில் சில இலைகள். மரத்தை மட்டும் செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். 16 மரங்களையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்து, தூக்குப் போட்டுக்கொள்ள நினைக்கிற இரண்டு பேரை இது தாங்குமா, தாங்காதா, தாங்கும் என்று நம்ப வைக்குமா என்று பேசுங்கள்.

மிச்சம் நான்கு வாரத்துக்கு வகுப்பை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதிக்கு லோர்காவின் 'ரத்தக் கல்யாணம்' (1933). முதல் காட்சியின் அறை மஞ்சள், அடுத்தது ரோஜா நிறம், கடைசி அறை வெள்ளை என்று எழுத்தாளரே நிறத்தைக் கொடுத்துவிடுகிறார். நடுவில் காடு, அங்கே நிலா ஒரு பாத்திரமாகவே வந்து பேசுகிறது. இரண்டு வீடுகளை அச்சு அசலாகச் செய்து பழகியவர்களுக்கு இது நல்ல அதிர்ச்சி. இன்னொரு பாதிக்கு ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு', உடை மட்டும். அரசவை, காதலர்கள், தொழிலாளிகள், தேவதைகள் என்று நான்கு உலகங்கள். அதிலும் காதலர்கள்தான் கடினம்: பார்வையாளருக்கு அந்த நான்கு பேரும் குழம்பக் கூடாது, ஆனால் மந்திரச் சாறு தவறான கண்ணில் விழுகிற அளவுக்கு இளைஞர்கள் இருவரும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். முதல் இரண்டு நாடகமும் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒரே சமையலறையை 16 விதமாகப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பு என்பது தேர்வு என்று புரியும். ஒரே புகழ்பெற்ற செட்டோடு ஒட்டிப்போன நாடகத்தைப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளனின் மரண'த்துக்கு 1949-இல் அரங்க வடிவமைப்பாளர் ஜோ மீல்சினர் செய்த வீட்டைப் பாடமாகக் காட்டுங்கள். அதை மறுபடி வடிவமைக்கச் சொன்னால் திரும்ப அதுவேதான் வரும். நடிப்போருக்கென்று அச்சிட்ட சில பதிப்புகளின் பின்பக்கத்தில் பழைய தயாரிப்பின் தரைப்படமும் பொருள் பட்டியலும் இருக்கும். நகல் எடுக்கும்போது அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள். மொழிபெயர்ப்பில் படிப்பதானால் மேடைக் குறிப்புகளை வெட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே மேடை அளவைக் கொடுத்துவிடுங்கள். 9 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம் போதும். 1:25 மாடலில், அதாவது நிஜ அளவை 25-ஆல் வகுத்த சிறு மாடலில், அது 36 செ.மீ.க்கு 28 செ.மீ. முதலில் அட்டையில் 7 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஆளை வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள், 1.75 மீட்டர் மனிதர் அவர். கதவும் நாற்காலியும் அவருக்கு ஏற்றபடி வந்துவிடும்.

நடிப்பு ஆசிரியர் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. 'டிரைஃபிள்ஸ்' நான்காம் வாரத்தில், நன்றாக வந்த இரண்டு தரைப்படங்களை வகுப்பறைத் தரையில் டேப் ஒட்டி முழு அளவில் போடுங்கள். இரண்டு மாணவிகள் அந்தப் பெண்களாக நடிக்கட்டும். கூண்டை எடுக்கக் கை நீட்டும்போது முதுகு பார்வையாளர் பக்கம் திரும்புகிறதா, மாடியிலிருந்து ஆண்கள் இறங்குவதற்குள் பெட்டியை மறைக்க நேரம் இருக்கிறதா என்று நடந்து பார்த்த பிறகு படத்தைத் திருத்த இன்னொரு வகுப்பு கொடுங்கள்.