பதக்கத்துக்கு முந்திய செலவு – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் விளையாட்டுத் தொடர்பானவையே அதிகம். வீரர்களுக்கு யார் பணம் தருகிறார்கள், அது எந்த வழியாக வருகிறது, நம்முடைய பிள்ளைகளிடம் ஏன் வந்து சேர்வதில்லை என்ற கேள்விகளையே பலரும் எழுப்பியிருப்பதால், ஆறு கடிதங்களை மட்டும் எடுத்து இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகள் உயர்தரம் படிக்கிறாள். மாகாண மட்டப் பாடசாலைப் போட்டியில் 1,500 மீற்றரில் இரண்டாமிடம் பெற்றாள். சப்பாத்து, பஸ் செலவு, முட்டை, பால் என்று எங்களால் சமாளிக்க முடியவில்லை. ஒலிம்பிக் சங்கம் வீரர்களுக்கு மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?
– ஒரு தாய், பொகவந்தலாவை

நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, அம்மா. ஏன் முடியாது என்பது விளங்கினால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதும் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ‘ஒலிம்பிக் சொலிடாரிட்டி’ என்னும் நிதித்திட்டம். ஒலிம்பிக் ஒளிபரப்பு உரிமையை விற்று வரும் பணத்தில் ஒரு பங்கை நாடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை. 2021 முதல் 2024 வரையான நான்கு ஆண்டுகளுக்கு அதன் பாதீடு 590 மில்லியன் அமெரிக்க டொலராக இருந்தது. பயிற்சிச் செலவுக்கான மாதக் கொடுப்பனவும் தகுதிகாண் போட்டிகளுக்கான பயணச் செலவும் அடங்கிய வீரர் புலமைப்பரிசில் அதில் ஒரு பகுதி. ஆனால் அதற்கு வீரரின் பெயரைப் பரிந்துரைக்கும் உரிமை அந்தந்த நாட்டின் தேசிய ஒலிம்பிக் குழுவுக்கே உண்டு. வீரருக்கோ பெற்றோருக்கோ இல்லை. ஒலிம்பிக் குழு அந்த விளையாட்டுக்குரிய தேசியச் சங்கத்தைக் கேட்கும். சங்கம் தன்னிடமுள்ள பெறுபேறுகளைப் பார்க்கும். அந்தப் பட்டியலில் நேரம் பதிவாகாத பிள்ளை தோட்டத்து மண் பாதையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அவர்களைப் பொறுத்தவரை ஓடாத பிள்ளைதான்.

அரசாங்கப் பணமும் ஏறத்தாழ இதே வழியில்தான் வருகிறது. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசியச் சங்கங்கள் விளையாட்டு அமைச்சில் பதிவு செய்யப்படுகின்றன. பதிவு பெற்ற சங்கத்தின் ஊடாகவே தெரிவும் பயிற்சி முகாமும் வெளிநாட்டுப் பயணமும் நடைபெறும். பாடசாலை விளையாட்டோ கல்வி அமைச்சின் பொறுப்பு. கோட்டம், வலயம், மாகாணம், அகில இலங்கை என்று உங்கள் மகள் ஏறி வரும் படிகள் யாவும் கல்வி அமைச்சின் படிகளே. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அந்தப் படிக்கட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த படிக்கட்டு சங்கத்தின் முற்றத்தில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கடக்கப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிச் செல்பவர் யாருமில்லை. கொழும்பிலோ கண்டியிலோ கழகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. நம்முடைய பக்கம் அது நடப்பது அரிது என்பதால், பதினேழு வயதில் மாகாணத்தில் நின்ற பிள்ளை பத்தொன்பது வயதில் கொழும்புக் கடையொன்றில் வேலைக்கு நிற்கிறாள்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் என் மாணவி ஒருத்தி 800 மீற்றரில் முதலாவதாக வந்தாள். நான் என் கைக்கடிகாரத்தில் அவளுடைய நேரத்தைப் பார்த்தேன், நல்ல நேரம். ஆனால் அந்தப் போட்டியின் முடிவுத்தாளில் இடத்தை மட்டும் எழுதி, நேரத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். மழை வரப்போகிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று யாரோ அவசரப்படுத்தியதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு ஒரு தெரிவுக்கு அவளைக் கூட்டிச் சென்றபோது, “நேரம் என்ன?” என்று கேட்டார்கள். எங்கள் கையிலிருந்தது பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்த சான்றிதழ் மட்டுமே. அதில் ‘முதலாம் இடம்’ என்று அழகான எழுத்தில் இருந்தது. அதை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆகவே இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மகள் ஓடும் ஒவ்வொரு போட்டியிலும் இடத்தோடு நேரமும் பதியப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முடிவுத்தாளின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, பாடசாலைக்கு வெளியே கனிஷ்ட பிரிவில் ஓடுவதற்கு எந்தக் கழகத்தில் பதியலாம் என்று கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது இலத்திரனியல் முறையில் நேரம் கணிக்கப்படும் ஓடுபாதையில் அவள் ஓடட்டும். அந்தப் பஸ் காசு வீண் செலவு அல்ல. தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாகவே இருந்தது என்பதையும், கொழும்புக்குப் போய்வர ஒரு தாய்க்கு இரண்டு நாள் பேர் (நாட்கூலி) போய்விடும் என்பதையும் அறிந்துதான் இதை எழுதுகிறேன். அந்தச் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பழைய மாணவர்களிடமும் கேட்பதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

நம்முடைய மத்திய மாகாணத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்ற தருஷி கருணாரத்ன, அப்போது கண்டி மாவட்டத்தின் வலல ரத்னாயக்க மத்திய கல்லூரி மாணவி. 2002 க்குப் பின் ஆசிய விளையாட்டு விழாவில் மெய்வல்லுநர் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு கிராமத்துப் பாடசாலையும் அங்கே ஆண்டுக்கணக்காகப் பிள்ளைகளை ஓடவைத்த ஒரு பயிற்றுவிப்பாளரும். பெரிய நிதியெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நன்றாக ஓடுகிறவர்கள் எல்லாரும் ஏன் இராணுவத்தில் சேர்கிறார்கள்? சங்கம் தரவேண்டிய ஆதரவை இராணுவம் தருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– இளைஞர் ஒருவர், நானுஓயா

அப்படியே எடுத்துக்கொள்ளலாம், தம்பி. ஒரு வீரருக்கு முதலில் வேண்டியது மாதம் முடிந்தால் வரும் சம்பளமும், மூன்று வேளைச் சாப்பாடும், காலையும் மாலையும் ஓடுவதற்கான நேரமும். முப்படைகள் இவற்றைக் கொடுத்துப் பயிற்றுவிப்பாளரையும் மருத்துவரையும் சேர்த்துக் கொடுக்கின்றன. டோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் இராணுவத்தைச் சேர்ந்தவர். நம்முடைய மலையகத்திலிருந்து 10,000 மீற்றரில் பெயர் பெற்ற குமார் சண்முகேஸ்வரனும் இராணுவத்தின் சார்பில் ஓடியவரே. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. ஜேர்மனியில் படையினரின் விளையாட்டுப் பிரிவுகளும், இத்தாலியில் பொலிஸ் கழகங்களும், கென்யாவில் பொலிஸும் சிறைச்சாலைத் திணைக்களமும் வீரர்களைச் சம்பளத்தில் வைத்திருக்கின்றன.

ஆனால் சீருடை அணிய விரும்பாத, அல்லது வீட்டார் அனுப்பத் தயங்குகிற பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பதே என் கவலை. நம் சமூகத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை அந்த முடிவை எடுப்பதற்குப் பின்னால் எத்தனை இரவுப் பேச்சு இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வங்கிகளும் கூட்டுத்தாபனங்களும் பெருந்தோட்டக் கம்பனிகளும் ஆளுக்கு நான்கு வீரர்களை அரைநாள் வேலையோடு எடுத்துக்கொண்டால் போதும். அது தருமம் அல்ல, அவர்கள் பெயரிலும் பதக்கம் வரும்.

கிரிக்கெட்டில் இவ்வளவு பணம் புரளும்போது, அதில் ஒரு பங்கை மற்ற விளையாட்டுகளுக்கு அரசாங்கம் எடுத்துக் கொடுக்கக்கூடாதா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

கிரிக்கெட் சபையின் வருமானம் பெரும்பாலும் சர்வதேச கிரிக்கெட் பேரவையின் பங்கும் ஒளிபரப்பு உரிமையும் அனுசரணையுமாக வருவது, திறைசேரிப் பணமன்று. அரசாங்கம் சங்கங்களின் நிர்வாகத்தில் நேரடியாகக் கைவைத்தால் சர்வதேச அமைப்புகள் நாட்டையே இடைநிறுத்திவிடும். 2023 நவம்பரில் கிரிக்கெட்டுக்கும், அதே ஆண்டு ஜனவரியில் ஃபிஃபாவினால் காற்பந்துக்கும் அது நேர்ந்தது. சபை தானாக முன்வந்து கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கொடுக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்கிறேன்.

பிரித்தானியாவில் பதக்கம் வெல்லக்கூடிய விளையாட்டுக்கு மட்டுமே பணம் என்று வாசித்தேன். அது நியாயமா? நமக்குப் பொருந்துமா?
– ஆசிரியர் ஒருவர், பண்டாரவளை

1996 அட்லாண்டாவில் பிரித்தானியா ஒரேயொரு தங்கத்துடன் 36 ஆம் இடத்தில் நின்றது. அந்த அவமானத்துக்குப் பின், 1997 முதல் தேசிய லொத்தர் பணம் ‘யூகே ஸ்போர்ட்’ என்ற அமைப்பின் ஊடாக உயர்மட்ட வீரர்களுக்குச் செல்லத் தொடங்கியது. 2012 லண்டனில் 29 தங்கம் கிடைத்தது. அந்த முறையில் நான் மெச்சுவது ஒன்று உண்டு. பயிற்சி, மருத்துவம், முகாம் ஆகியவற்றுக்கான பணத்தைச் சங்கத்திடம் கொடுக்கிறார்கள். வீரரின் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான பணத்தை வீரரின் கணக்கிலேயே போடுகிறார்கள். சங்கத்தில் யார் தலைவராக வந்தாலும் வீரரின் அடுப்பு அணையாது.

மெச்சாததும் உண்டு. லண்டனுக்குப் பின் கூடைப்பந்தின் பணம் வெட்டப்பட்டது; பாடசாலைப் பிள்ளைகள் பெருமளவில் விளையாடும் விளையாட்டு அது என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. 2016 ரியோவில் வெண்கலம் வென்ற பூப்பந்தின் பணமும் அடுத்த சுற்றில் நின்றுபோனது. பின்னர் அந்த இறுக்கத்தை ஓரளவு தளர்த்தினார்கள் என்றாலும், அதற்குள் பல வீரர்களின் நல்ல வயது கடந்துவிட்டது.

நமக்குப் பொருந்துவது இந்திய முறையில் ஒரு பகுதி என்று நினைக்கிறேன். ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்காக 2014 இல் தொடங்கிய ‘டொப்ஸ்’ திட்டத்தில் தெரிவான வீரருக்கு மாதம் 50,000 இந்திய ரூபாய் கைச்செலவுக்கென்று நேரடியாகக் கொடுக்கப்படுகிறது. வளர்ந்துவரும் இளையோருக்கும் தனியான ஒரு பிரிவை வைத்து 25,000 ரூபாய் கொடுக்கிறார்கள். பதக்கம் வருவதற்கு முன் கொடுக்கிறார்கள் என்பதே இதில் முக்கியம். 2024 பாரிஸில் உலக மெய்வல்லுநர் அமைப்பு ஒவ்வொரு தங்கத்துக்கும் 50,000 டொலர் பரிசளித்தது. வரவேற்க வேண்டிய செயல்தான். ஆனால் ஓடி முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசு, ஓடத் தொடங்கும் பிள்ளையின் சப்பாத்தை வாங்கித் தராது. இலங்கையிலிருந்து பாரிஸுக்குச் சென்றவர்கள் ஆறு பேர் மட்டுமே.

கொழும்பிலிருந்து வீரர்கள் உயரப் பயிற்சிக்காக நுவரெலியாவுக்கு வருகிறார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கு அதனால் என்ன பயன்?
– ஒரு வாசகர், இராகலை

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றிலுள்ள ஒட்சிசன் உடலுக்குக் குறைவாகவே கிடைக்கும். சில வாரங்கள் தங்கிப் பயிலும்போது உடல் அதை ஈடுசெய்யச் செங்குருதிக் கலங்களைப் பெருக்கிக்கொள்கிறது. கென்யாவின் இட்டென் நகரம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உலகின் மிகச் சிறந்த நெடுந்தூர வீரர்கள் பலர் அங்கே பயில்கிறார்கள். ஆனால் இட்டென் பெயர் பெற்றதற்கு உயரம் மட்டும் காரணமல்ல. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஓடும் பாடசாலைகளும் பயிற்றுவிப்பாளர்களும், வெளியூர் வீரர்களோடு சேர்ந்து ஓடும் வாய்ப்பும் இருந்தன. நமக்கு உயரம் இருக்கிறது, மற்றவை இல்லை. தேசியக் குழாம் நுவரெலியாவில் முகாமிடும் ஒவ்வொரு தடவையும் சுற்றுவட்டப் பாடசாலைகளிலிருந்து இருபது பிள்ளைகளை ஒரு காலை வேளை அவர்களோடு ஓடவிட வேண்டும் என்று வலயக் கல்விப் பணிமனை சங்கத்திடம் எழுத்தில் கேட்கலாம். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், வெளிநாட்டு நிதியும் வேண்டாம்.

என் தம்பி பாரம் தூக்குகிறான். ஜிம்மில் ஒருவர் டின் பவுடர் ஒன்றைக் கொடுக்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகி, அட்டன்

வேண்டாம், தங்கச்சி. 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு தேசிய மட்ட வீரர்களைப் பரிசோதிக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்தால், தெரியாமல் உட்கொண்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. போட்டித் தடையோடு, விளையாட்டின் பெயரில் கிடைக்கும் நிதியுதவியும் நிறுத்தப்படும். அந்த டின்னுக்குக் கொடுக்கும் காசுக்குப் பருப்பும் முட்டையும் நெத்தலியும் வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே குடித்திருந்தால் டின்னை வீசிவிடாமல், மேலுள்ள பெயரும் தொகுதி இலக்கமும் தெரியும்படி வைத்துக்கொண்டு, அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.